மரக்கால் சரியா? இதய எம்.ஆர்.ஐ இயல்பு அளவு எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தஞ்சாவூரில் இரண்டு இளம் ரேடியாலஜிஸ்டுகள் என்னிடம் ஒரு எக்செல் தாளைக் காட்டினார்கள். தங்கள் ஸ்கேன் மையத்துக்கான டி1 (காந்தத் தூண்டலுக்குப் பிறகு இதயத் தசை பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) இயல்பு அளவு தயாராகிவிட்டதாம். 34 பேர், சராசரி, விலகல் எல்லாம் அழகாக இருந்தன. ஆட்கள் எங்கே கிடைத்தார்கள் என்று கேட்டேன். "ரிப்போர்ட் நார்மல்னு வந்த பழைய பேஷண்ட்ஸ் சார்" என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே மாதிரி ஒரு தாளைத்தான் போட்டேன்.

வேறு ஊர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். நேட்டிவ் டி1-க்கு, அதாவது கான்ட்ராஸ்ட் மருந்து போடாமல் எடுக்கும் டி1-க்கு, அந்தந்த மையமே தன் அளவை எடுக்க வேண்டும் என்று 2017-ல் வந்த சர்வதேச ஒருமித்த பரிந்துரையே சொல்லிவிட்டது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். அளவு எடுக்க உட்காரும்போது நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நார்மல் ரிப்போர்ட் வந்தவரை நார்மல் ஆள் என்று எடுத்துக்கொள்வது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்கல் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் ஒருவர் ஸ்கேனுக்கு வருகிறார். கான்ட்ராஸ்ட் போட்டு, சற்று நேரம் கழித்துத் தாமதப் படம் எடுக்கிறோம். தழும்பு தெரியவில்லை, பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 60 சதவீதம். நார்மல் என்று எழுதுகிறோம். அந்த ரிப்போர்ட்டில் தப்பில்லை. ஆனால் அந்த மனிதரின் தசையை மற்றவர்களுக்கு அளவுகோலாக வைப்பது தப்பு.

தாமதப் படத்தில் தழும்பு வெள்ளையாகத் தெரிய, பக்கத்தில் நல்ல தசை கறுப்பாக இருக்க வேண்டும். எந்தத் தசை கறுப்பாக வர வேண்டும் என்பதை இன்வர்ஷன் நேரம் என்ற ஸ்கேன் அமைப்பைத் தள்ளித் தள்ளி நாம்தான் தீர்மானிக்கிறோம். தசை முழுவதும் ஒரே சீராக நார் படிந்திருந்தால் அந்தத் தசையையே கறுப்பாக்கிவிட்டு "தழும்பு இல்லை" என்று எழுதிவிடுவோம். வேதாரண்யம் பக்கத்து விவசாயிகளுக்கு இது எளிதாகப் புரியும். வயலில் ஒரு மூலை மட்டும் உவர் பூத்தால் வரப்பில் நின்றபடியே தெரிந்துவிடும். வயல் முழுக்க லேசாக உவர் ஏறியிருந்தால் மண்ணை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். தசையின் டி1-ஐப் புள்ளி புள்ளியாக அளக்கும் டி1 மேப்பிங்தான் அந்த மண் பரிசோதனை. நார் படிந்தாலும் நீர் கோர்த்தாலும் டி1 கூடும். இரும்போ கொழுப்போ சேர்ந்தால் குறையும். சீராகப் பரவிய நோயைப் பிடிக்கத்தான் டி1 எடுக்கிறோம். அதைக் காட்டத் தெரியாத படத்தை நம்பி ஆள் பொறுக்கினால், பிடிக்க வேண்டிய நோயே அளவுகோலுக்குள் நுழைந்துவிடும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் 1.5 டெஸ்லா மெஷினுக்கு (டெஸ்லா என்பது காந்த வலுவின் அளவு; அது மாறினால் டி1-ம் மாறும்) நான் போட்ட தாளில் சராசரி 1000 மில்லி செகண்ட், விலகல் 36. இரண்டு விலகல் கூட்டினால் மேல் எல்லை 1072. அந்த வருடம் மன்னார்குடி பக்கத்திலிருந்து லூபஸ் நோயுள்ள (எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) ஒரு பெண் வந்தார். வயது 38. டி1 1052. எல்லைக்குள் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து, மாடிப்படி ஏற முடியவில்லை என்று திரும்ப வந்தார். பம்பிங் 58-லிருந்து 43-க்கு இறங்கியிருந்தது.

அன்று இரவு என் தாளில் இருந்த 30 பேரின் பழைய கோப்புகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆறு பேர் பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள். நான்கு பேருக்குச் சர்க்கரை. இரண்டு பேர் முன்பு புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்கள். ஒருவருக்கு ஸ்கேனுக்கு மூன்று வாரம் முன்னால் வைரஸ் காய்ச்சல். இத்தனை பேரையும் நான்தான் "நார்மல்" என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தேன். பிறகு வெளியில் போய் ஆட்களைத் தேடி மறுபடி எடுத்தபோது சராசரி 980, விலகல் 22, மேல் எல்லை 1024 என்று வந்தது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் 1052 அன்றே கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஆட்களைத் தேடுவது சிரமம்தான். ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் வயல் வேலை செய்பவர் யாரும் ஸ்கேனுக்கு வர மாட்டார். சம்பா அறுவடை முடிந்து, பங்குனி சித்திரையில்தான் கிடைப்பார்கள். திருவையாற்றுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "ஒரு சீக்கும் இல்லாதவனை எதுக்குத் தம்பி குழாய்க்குள்ள படுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். "உங்க நெஞ்சை வச்சுத்தான்யா மத்தவங்க நெஞ்சை அளக்கப் போறோம்" என்றேன். "ஓ, நெல் அளக்கிற மரக்கால் மாதிரி" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

வந்தவரிடம் கேள்வித்தாள் மட்டும் நீட்டினால் போதாது. தனக்குச் சர்க்கரை இருப்பது தெரியாதவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். பிபி பார்த்து, ஈசிஜி எடுத்து, ரத்தத்தில் எச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) ஹீமோகுளோபினும் பார்த்த பிறகுதான் மேஜையில் ஏற்ற வேண்டும்.

நர்சிங் மாணவிகளை மட்டும் வைத்து முடித்துவிடுவது

கூப்பிட்டதும் வருபவர்கள் அவர்கள்தான். ஆனால் பெண்களுக்கு, அதிலும் இளம் பெண்களுக்கு, நேட்டிவ் டி1 ஆண்களைவிடக் கூடுதலாக இருக்கும். இருபது வயதுப் பெண்களை வைத்துப் போட்ட எல்லையால் அறுபது வயது ஆணை அளந்தால், அவருடைய நோய் உள்ளே ஒளிந்துகொள்ளும். ஆண், பெண் தனித்தனியாக எடுங்கள். வயதையும் பரவலாக எடுங்கள். ஆய்வகச் சோதனைகளுக்கான சி.எல்.எஸ்.ஐ வழிகாட்டுதல் ஒரு பிரிவுக்கு 120 பேர் கேட்கிறது. சிறிய மையத்தில் அத்தனை பேரை வைத்து இதய ஸ்கேன் எடுக்க முடியாது, சரி. எத்தனை பேர் என்பதை ரிப்போர்ட்டில் மறைக்காமல் எழுதலாம் அல்லவா?

1.5 டெஸ்லாவையும் 3 டெஸ்லாவையும் ஒரே தாளில் போடுவது

வேண்டாம்.

சாஃப்ட்வேர் மாறியதைக் கவனிக்காமல் விடுவது

கம்பெனி ஆள் ஒரு சனிக்கிழமை வந்து அப்டேட் போட்டுவிட்டுப் போவார். டி1 எடுக்கும் மோலி என்ற ஸ்கேன் வரிசையில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் டி1 பத்து இருபது மில்லி செகண்ட் நகரக்கூடும். நோயாளிகளின் படத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ஃபாண்டம், அதாவது டி1 முன்பே தெரிந்த திரவம் நிரப்பிய சோதனைப் பொருள். மாதம் ஒரு முறை, ஒரே நாள் என்று வைத்துக்கொண்டு அதை ஸ்கேன் செய்து எண்ணைக் குறித்து வையுங்கள். ஃபாண்டம் ஸ்கேன் அறைக்குள்ளேயே இருக்கட்டும். சித்திரை வெயிலில் வெராண்டாவில் கிடந்ததைத் தூக்கி வந்து வைத்தால் சூட்டிலேயே டி1 மாறிவிடும். அப்புறம் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

அளவுக் கோட்டினை ரத்தத்தின் மேல் போடுவது

1.5 டெஸ்லாவில் ரத்தத்தின் டி1 1500-க்கு மேல். தசை ஓரத்தில் ஒரு பிக்சல் உள்ளே வந்தாலும் சராசரி ஏறும். இதயத்தின் இடது வலது அறைகளுக்கு நடுச்சுவரான செப்டத்தின் நடுவில், இரண்டு ஓரத்தையும் விட்டு அளவுப் பகுதியை வரையுங்கள். நுரையீரலை ஒட்டிய பக்கச் சுவரில் காந்தப்புலம் சீராக இருக்காது. இயல்பு அளவுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஹிமட்டோகிரிட்டைப் பழைய ரிப்போர்ட்டிலிருந்து எடுப்பது

ஈசிவி (தசையில் செல்களுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கு) கணக்கில், கான்ட்ராஸ்டுக்கு முன்னும் பின்னும் 1/டி1 மாறிய அளவின் தசை-ரத்த விகிதத்தை, ஒன்றிலிருந்து ஹிமட்டோகிரிட்டைக் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கழித்தால் வரும் எண்ணால் பெருக்குகிறோம். விகிதம் 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணுக்குப் போன வருடம் ஹிமட்டோகிரிட் 0.40 என்றால் ஈசிவி 27 சதவீதம். அதே பெண்ணுக்கு ரத்தசோகை வந்து இன்று 0.32 என்றால் 30.6. போன வருடத்து எண்ணைப் போட்டிருந்தால் நோயாளி நார்மல் ஆகிவிடுவார். ஸ்கேன் அன்றே ரத்தம் எடுங்கள்.

மூச்சுப் பயிற்சி கொடுக்காமல் உள்ளே அனுப்புவது

ஒரு முறை ஒத்திகை பாருங்கள். "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க."

ஆரோக்கியமானவரிடம் நோய் தென்பட்டால் என்ன செய்வது என்று யோசிக்காமல் இருப்பது

நன்றாக இருப்பவர் என்று நம்பிக் கூட்டி வந்தவருக்குத் தசை தடித்திருக்கலாம், நுரையீரலில் ஒரு கட்டி தெரியலாம். அவருக்கு யார் சொல்வது, எந்த ஓபி-க்கு அனுப்புவது, செலவு யாருடையது? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே இதயப் பிரிவு மருத்துவரிடம் பேசி முடித்துவிடுங்கள். கும்பகோணம் பக்கத்தில் ஒரு டிராக்டர் ஓட்டுநருக்கு இப்படி ஒரு செய்தியை நாங்கள் போனில் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கே மனைவியோடு வாசலில் வந்து நின்றார். அவர்களை உட்கார வைத்துப் பேச ஒரு மருத்துவர் அன்று எங்களிடம் இல்லை. பத்தரை மணி வரை அவர்கள் அந்த பெஞ்சிலேயே காத்திருந்தார்கள்.