தஞ்சைப் பெரிய கோயிலைக் கல்வெட்டின் வழியே காண்பது எப்படி

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வருவோரில் பலர் பெருவுடையாரை வணங்கி, நந்தியின் முன் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்திற்குள் திரும்பிவிடுகின்றனர். வழிபாட்டுக்கு அது போதும். ஆனால் கோயிலின் வரலாற்றை அறிய விரும்புவோர் குறைந்தது அரை நாளையாவது ஒதுக்க வேண்டும். தன்னைக் கட்டியவர் யார், எப்போது கட்டினார், யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதைத் தன் சுவரிலேயே இவ்வளவு விரிவாக எழுதி வைத்திருக்கும் கோயில்கள் மிகச் சில.

காலையில் நடை திறந்தவுடன் செல்வது நல்லது. செருப்பை வெளியே விட்டுவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்பதால், வெயில் ஏறிய பின் கல் தரையில் நின்று எதையும் படிக்க முடியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக விழும்போதுதான் கல்லில் வெட்டிய எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி, உச்சி வெயிலில் மறைந்து கிடந்த வரிகள் தெளிவாக எழுந்து நிற்கும்.

அகழியைக் கடந்ததும் வரும் முதல் வாயில் மராட்டியர் காலத்தது. அடுத்து நிற்பது இராசராசன் சேரரை வென்ற புகழைப் பெயரில் தாங்கிய கேரளாந்தகன் திருவாயில். அதற்கும் அடுத்தது இராசராசன் திருவாயில். இந்த மூன்றாம் வாயிலில் பேருருவத் துவாரபாலகர்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். அடித்தளத்தில் மார்க்கண்டேயர், கண்ணப்பர் முதலியோரின் கதைகள் சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன.

உள்ளே சென்றதும் முதலில் செய்ய வேண்டியது, கண்ணில் படும் எல்லாவற்றையும் சோழர் காலத்தவை என்று எண்ணிவிடாமல் காலத்தைப் பிரித்துப் பார்ப்பதே. கருவறையின் மேல் உயர்ந்து நிற்கும் ஸ்ரீவிமானம் இராசராசன் எடுப்பித்தது. அம்மன் சன்னிதி பாண்டியர் காலத்தில் எழுந்தது. இன்றுள்ள பெரிய நந்தியும், நுண்ணிய வேலைப்பாடு மிக்க முருகன் சன்னிதியும் நாயக்கர் காலத்தைச் சேர்ந்தவை. கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகையின் சுவரில் 1803ஆம் ஆண்டு இரண்டாம் சரபோஜி மன்னர் மராத்தி மொழியில் வெட்டுவித்த, தம் மராட்டிய அரச குலமான போன்சலே குலத்தின் வரலாறு நீண்டு செல்கிறது. முருகன் சன்னிதியின் மெல்லிய தூண்களைப் பார்த்த கண்ணோடு உடனே விமானத்தின் அடித்தளத்தைப் பார்த்தால், ஆண்டுகளை மனப்பாடம் செய்யாமலே இரு காலத்துக் கல்வேலைக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

இனி, சுமார் 216 அடி உயரமுள்ள விமானத்தின் அடித்தளத்தை, அதாவது அதிட்டானத்தை, மெல்ல வலம் வர வேண்டும். அங்குள்ள வரிகளில் முதன்மையானது இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் பிறந்த ஆணை. “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லில் வெட்டுக என்று மன்னன் அதில் கூறுகிறான். தான் கொடுத்ததை அடுத்து அவன் வைப்பது தமக்கை குந்தவையின் கொடையை; கொடுத்த மற்றவரையும் அவன் விட்டுவிடவில்லை. இந்த ஒரு வரியை அதன் இடத்தில் நின்று படிப்பதற்காகவே தஞ்சாவூருக்கு வரலாம் என்பது என் எண்ணம்.

எழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் தொடக்கத்தில் “ஸ்வஸ்திஸ்ரீ” என்ற மங்கலச் சொல்லும், அதன்பின் “திருமகள் போல” என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியும், அதாவது மன்னனின் வெற்றிகளைப் புகழும் பகுதியும், வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் இருக்கும். வடசொற்களில், வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துக் கலந்திருக்கும். “யாண்டு” என்ற சொல்லை முதலில் தேடுங்கள். அதை அடுத்து வரும் எண் ஆட்சியாண்டு. இராசராசன் 985இல் முடிசூடியதால், அந்த எண்ணோடு 984ஐக் கூட்டினால் ஏறத்தாழச் சரியான ஆண்டு கிடைக்கும். விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை அவன் கொடுத்தது 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்த ஆட்சியாண்டு 1009இன் நடுவில் தொடங்கியதால், அந்த நாள் கி.பி. 1010இல் விழுகிறது.

வருமுன், கல்வெட்டுப் பாடங்களை அச்சிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் (South Indian Inscriptions) என்ற நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியிலிருந்து சில பக்கங்களை அச்செடுத்து வந்தால், சுவரோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கல்வெட்டுகளைப் படித்த பின்புதான் கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்பது உறுதியாயிற்று. அதுவரை தலபுராணம் வேறொரு சோழனின் பெயரையே சொல்லி வந்தது. ஆகவே, அங்கே கேட்கும் கதைகளையும் இதே கண்ணோடு அணுகுங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாரேனும் சொன்னால், மாலையில் சற்று நேரம் காத்திருந்தாலே போதும், நிழல் தரையில் நீண்டு கிடப்பதைக் காணலாம்.

கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில், நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் இருந்த சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அப்பகுதி பொதுவாகத் திறந்திருப்பதில்லை என்பதால், அவற்றைப் படங்களில் பார்த்துவிட்டு வருவதே நல்லது.

கல்வெட்டில் பெருஞ்செய்திகளை மட்டும் தேடாதீர்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள், அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் அளக்க வேண்டிய ஓர் உழக்கு நெய், ஊர்ச் சபைகள் காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) காசு வட்டியில் பெற்ற கடன் எனக் கோயிலின் அன்றாட நடப்பு முழுவதும் சுவரில் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்களும், அவர்கள் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாம் வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும்கூட வெட்டப்பட்டுள்ளன.

படிக்க வசதியாக எழுத்தின் மேல் திருநீறோ மாவோ எண்ணெயோ ஒருபோதும் தடவாதீர்கள். கை படுவதே கல்லைத் தேய்க்கும். ஒளி போதாவிட்டால் பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள்.