ஸ்பிட்ஃபயரில் ஜிப்ஸி எஞ்சின்: எதையும் வெட்டாமல் மாற்றும் முறை

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டு இருக்கை கொண்ட பழைய பிரிட்டிஷ் திறந்த கார். அதன் மார்க் 3-இன் எஞ்சின் 1296 சி.சி., 75 குதிரைத்திறன். மாருதி ஜிப்ஸியின் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின் 1298 சி.சி., 80 குதிரைத்திறன். அந்த ஐந்துக்காக யாரும் எஞ்சினை இறக்க வேண்டாம். மாற்றுவதற்கான காரணம் ஊட்டியின் உயரம். 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் சரியாக ட்யூன் செய்த ஸ்பிட்ஃபயரின் எஸ்.யூ. கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி), குன்னூர் தாண்டும்போது காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலை விடும். புகை கறுக்கும், பிளக்கில் கரி ஏறும். ஜிப்ஸியின் ஈ.சி.யு. (எஞ்சின் கணினி) மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்) அழுத்தத்தைப் பார்த்துத் தானே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். உயரத்தில் குறையும் இழுவை இதிலும் குறையும். கலவை மட்டும் கெடாது.

இரண்டின் டார்க்கும் (சுழற்றும் விசை) ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர்தான் என்பதால் ஸ்பிட்ஃபயரின் சின்னக் கிரௌன் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) தாங்கும். இதைவிடப் பெரிய எஞ்சினை வைத்தால் முதலில் போவது அதுதான்.

ஸ்பேனரைத் தொடுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும்; அனுமதி இல்லையென்றால் பொதுச்சாலை இல்லை. இன்னொன்று: 50 வயது தாண்டிய வண்டிக்குத் தரும் 'வி.ஏ.' (விண்டேஜ்) பதிவு, 2021 விதிப்படி எஞ்சினோ சேசிஸோ பாடியோ மாற்றப்பட்ட வண்டிக்குக் கிடையாது. அதனால்தான் வெட்டாதீர்கள், சேசிஸில் வெல்டிங் வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். நாளை பழைய எஞ்சின் அதே துளைகளில் திரும்ப உட்கார வேண்டும். ஸ்பிட்ஃபயர் இதற்கு வாகானது: தனிச் சேசிஸ், முன்னோக்கித் திறக்கும் பானட், போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும் கியர்பாக்ஸ் மூடி.

ஜிப்ஸியிலிருந்து எஞ்சினை மட்டும் வாங்கினால் பிறகு அலைச்சல். கியர்பாக்ஸ், ஈ.சி.யு., முழு வயரிங், சென்சார்கள், ரிலேக்கள், ஃபியூயல் பம்ப் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (நான்கு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி) தனியாகப் பின்னால் இருப்பதால் அதை விட்டுவிடலாம். ஆனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் அதிலிருந்துதான் வருகிறது, ஜி.பி.எஸ். மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திப் பார்க்கக் காலி பிளாக், ஹெட், கியர்பாக்ஸ் போதும். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு நான்கு இடங்களைப் பாருங்கள்: ஆயில் சேம்பருக்கும் (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில், ஸ்டீயரிங் ராடுக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில், ஹெட்டின் பின்பக்கம், கியர் லீவர் வெளிவரும் இடம். எங்கும் 25 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். சேம்பர் இடித்தால் சேம்பரைத்தான் மாற்ற வேண்டும், சட்டத்தை அல்ல. மவுண்ட்டை 6 மி.மீ. இரும்புத் தகட்டில், பழைய மவுண்ட் துளைகளுக்கே செய்து, ஜிப்ஸி ரப்பரைப் போடுங்கள். தகடுகளை ஒன்றோடொன்று டாக் (புள்ளி வெல்டிங்) மட்டும் அடித்துக் கழற்றி, வெளியே வைத்து முழு வெல்டிங் செய்யுங்கள்.

ஸ்பிட்ஃபயரில் கிரௌன் சேசிஸோடு அசையாமல் இருப்பதால் கியர்பாக்ஸிலிருந்து கிரௌனுக்குப் போகும் ஷாஃப்ட்டின் கோணம் பள்ளம் மேட்டில் மாறாது. கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சும் கிரௌன் ஃபிளாஞ்சும் (ஷாஃப்ட்டைப் போல்ட் போடும் வட்டத் தகடுகள்) இணையாக, ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். முன்னால் ஜிப்ஸி ஃபிளாஞ்ச், பின்னால் ஸ்பிட்ஃபயர் ஃபிளாஞ்ச் வைத்த புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கோயம்புத்தூரில் செய்து பேலன்ஸ் போட்டு வாங்குங்கள். பேலன்ஸ் இல்லாவிட்டால் 60 கி.மீ. வேகத்திலேயே தரை அதிரும். மார்க் 3-இன் 4.11 கிரௌனும் 145 டயரும் இருந்தால், ஐந்தாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது வேகம் சுமார் 97 கி.மீ.; பழைய டாப் கியரில் 77.

ஜிப்ஸி கிளட்ச் கேபிள், ஸ்பிட்ஃபயர் பெடல் ஹைட்ராலிக். பெல் ஹவுசிங் ஓரத்தில் பிராக்கெட் வைத்து, லீவரை இழுக்கும் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலின் எண்ணெய் அழுத்தத்தில் நகரும் சிலிண்டர்) போடலாம். கிளட்ச் முழுதாக விடுகிறதா என்று எஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கரகரத்தால் கிளட்ச் லீவர் நகரும் தூரம் போதவில்லை.

கவனம் அதிகம் தேவைப்படுவது பெட்ரோல் லைன். எஸ்.யூ.வுக்குப் போன பழைய ஹோஸ் இஞ்செக்‌ஷன் அழுத்தத்தில் பிளந்துவிடும். எஞ்சின் சூட்டில் அது தீ. இஞ்செக்‌ஷன் தர ஹோஸும் டேங்குக்கு ரிட்டர்ன் லைனும் கட்டாயம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் டேங்கில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், வளைவின் நடுவில் எஞ்சின் நிற்கும். எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும் இரண்டு லிட்டர் சர்ஜ் டேங்க் ஒன்றை இடையில் வையுங்கள். மார்க் 1, 2 வண்டியானால் எர்த் பாசிட்டிவ், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். நெகட்டிவாக மாற்றாமல் ஈ.சி.யு.வை இணைத்தால் அது அங்கேயே முடிந்தது.

ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதிக்கும். 0.9 பார் ரேடியேட்டர் மூடி போட்டால் 115 வரை தாங்கும். பழைய 7 பி.எஸ்.ஐ. மூடியில் 106தான். பிளாக் அலுமினியம் என்பதால் ஓடைத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. ஊட்டி அருகே தலைகுந்தாவின் உறைபனிக்கும் அதுவே காப்பு.

முதல் 100 கி.மீ. முடிந்ததும் மவுண்ட், ஷாஃப்ட் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். எஞ்சின் இலேசானதால் முன்பக்கம் சற்று எழும்பியிருக்கும். ஸ்பிரிங், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) பார்த்த பிறகே வேகம்.

கழற்றிய எஞ்சினை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு, பிளக்கை மாட்டி, மாதம் ஒருமுறை கையால் சுற்றிவிடுங்கள். இந்த மூடுபனியில் ஒரே மழைக்காலத்தில் ரிங் துருப்பிடித்து இறுகிவிடும். அசல் மவுண்ட், கியர்பாக்ஸ் மூடி, போல்ட்டுகள் எல்லாம் அதே பெட்டியில் இருக்கட்டும்.