அக்கிக்கு அசைக்ளோவிர்: தண்ணீர்தான் முக்கியம்

குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டும் அப்பாவுக்கு இடுப்பில் அக்கி வந்தது. டாக்டர் எழுதியது அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அக்கி எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்தில் படிகமாகப் படியலாம். அப்பா கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) மட்டும் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர். அதனால் 2 லிட்டர் பாட்டிலில் பேனாவால் 5 கோடு போட்டுக் கொடுத்தேன், வேளைக்கு ஒரு கோடு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். வலிக்கு நீங்களாக டைக்ளோஃபெனாக் வாங்க வேண்டாம்.

குமட்டல், தலைவலி வரலாம். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கொப்புளம் காய்ந்துவிட்டதே, நிறுத்தலாமா என்றார் அப்பா. கூடாது, 7 நாளும் முடிக்க வேண்டும்.