தனியுரிமைக் கருத்தரங்கு நடத்துகிறீர்களா? நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரவுத் தனியுரிமை, பயோமெட்ரிக் (முகம், கைரேகை போன்ற உடல் அடையாளம்), ஏஐ கொள்கை என்று தலைப்பு வைத்து ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ இரண்டு நாள் கருத்தரங்கு நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வக்கீல்கள், கல்லூரி ஆசிரியர்கள், மருத்துவமனை நிர்வாகிகள், எஸ்டேட் அலுவலர்கள், பள்ளி முதல்வர்கள் எல்லோருக்கும் இப்போது இந்த விஷயம் தேவைப்படுகிறது. கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: மேடையில் ஒப்புதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, வாசலில் யாரையும் கேட்காமல் தகவல் திரட்டிக்கொண்டிருப்பார்கள். வந்தவர் மனதில் நிற்பது அந்த வாசல்தான். எனவே அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

படிவத்தில் தேவையில்லாத கட்டங்கள்

கூகுள் ஃபார்மைத் திறந்தால் பெயர், செல் நம்பர், மெயில், பிறந்த தேதி, வீட்டு முகவரி, ஆதார் எண், வண்டி எண் என்று போய்க்கொண்டே இருக்கும். பழைய படிவத்தை அப்படியே நகல் எடுப்பதால் வரும் வினை இது. ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து ‘இது எதற்கு?’ என்று கேளுங்கள். சான்றிதழுக்குப் பெயர் வேண்டும். தகவல் சொல்ல மெயில் அல்லது போன் நம்பர், ஏதாவது ஒன்று வேண்டும். சைவமா அசைவமா என்று தெரிய வேண்டும். அதையும் பெயரோடு சேர்த்துச் சமையல்காரருக்கு அனுப்ப வேண்டாம். சாப்பாட்டு விருப்பம் ஒருவருடைய மதத்தையோ உடல்நிலையையோ காட்டிக்கொடுக்கும். சமைப்பவருக்கு எண்ணிக்கை போதும்.

அறை போடுவதற்காக எல்லோருடைய ஆதார் ஜெராக்ஸையும் வாட்ஸ்அப்பில் வாங்கிச் சேர்ப்பது அடுத்த தவறு. அந்தப் படம் ஒருங்கிணைப்பாளரின் போனில், அவருடைய கேலரி பேக்கப்பில், லாட்ஜ் மேனேஜரின் போனில் என்று வருடக்கணக்கில் கிடக்கும். தங்குகிறவரே ரிசப்ஷனில் அடையாளத்தைக் காட்டட்டும். ஆதார்தான் காட்டுவதென்றால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பேச்சாளரின் பாஸ்போர்ட் விவரங்களை அரசுக்குத் தெரிவிப்பது தங்குமிடத்தின் வேலை, உங்கள் வேலை இல்லை.

இ-பாஸும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ‘நாங்களே எடுத்துத் தருகிறோம்’ என்று எல்லோருடைய வண்டி எண்ணையும் வாங்கி எக்செல்லில் போட்டு வைக்காதீர்கள். லிங்க்கை அனுப்பினால் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். மலையைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு என்பதால் இ-பாஸை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். இப்படித் திரளும் தகவலை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியை ஒரு அமர்வாகவே வையுங்கள். வந்திருப்பவர்களில் பாதிப்பேர் அன்று காலைதான் அந்தப் பாஸைக் காட்டிவிட்டு வந்திருப்பார்கள், பேச்சு தானாகச் சூடுபிடிக்கும்.

மேசையில் விரித்து வைக்கும் கையெழுத்துத் தாளைச் சொல்லாமல் விட முடியாது. முன்னால் வந்த முப்பது பேரின் நம்பரும் மெயிலும் அடுத்து வருபவருக்கு அப்படியே தெரியும். ஒரு போட்டோ எடுத்தால் முடிந்தது. பெயர்ப் பட்டியலை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு டிக் செய்தால் போதும். எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பதும் இதே கதைதான்.

படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதும் தவறு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. அந்த 22-இல் தமிழும் உண்டு. எஸ்டேட் சூப்பர்வைசரும் கிராம சுகாதார செவிலியரும் வரும் கூட்டத்தில், என்ன தகவல், எதற்காக, எப்போது அழிப்போம் என்று நான்கு வரி தமிழில் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

முகத்தைக் கேட்பது

மற்றதெல்லாம் அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். இதில் அந்த வசதி கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி எடுங்கள், உங்கள் போட்டோவெல்லாம் உங்கள் போனுக்கே வரும்’ என்ற பேனரைக் கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்கள். கருத்தரங்குக்கும் அதையே பேசி முடித்துவிடுகிறார்கள். உள்ளே நடப்பது இதுதான். போட்டோகிராபர் ஏற்றும் ஒவ்வொரு படத்திலும் உள்ள ஒவ்வொரு முகத்தையும் மென்பொருள் கண்டெடுக்கும். அதை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றும். டெம்ப்ளேட் என்பது அதுதான். உங்கள் செல்ஃபியும் அதேபோல எண் வரிசையாகி, மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடப்படும். அப்படி ஒப்பிட வேண்டுமானால் படத்தில் இருக்கும் எல்லோருடைய முகத்தையும் எண்ணாக்கித்தான் ஆக வேண்டும். செல்ஃபி கொடுக்காதவர், ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கியவர், டீ கொண்டுவந்த ஊழியர் எல்லோருக்கும் டெம்ப்ளேட் உருவாகிவிடுகிறது. ஒப்புதல் கொடுத்தவர் இருபது பேர் இருக்கலாம். பயோமெட்ரிக் எடுக்கப்பட்டது மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிடமும். பாஸ்வேர்ட் திருடுபோனால் மாற்றலாம். முகம் போனால் என்ன செய்வது?

இதைவிட எளிய வழி இருக்கிறது. படம் எடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறக் கயிறில் அடையாள அட்டை கொடுங்கள், போட்டோகிராபரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றப் படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, குறிப்பிட்ட நாள் வரை திறந்து வையுங்கள். வருகைப் பதிவுக்கும் முகக் கருவி வேண்டாம். அறுபது பேர் வரும் கூட்டத்தில் ஆளைப் பார்த்துப் பெயரை டிக் செய்ய ஒருவர் போதும்.

பேச்சாளர்களும் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். போனை முகத்தைக் காட்டித் திறப்பதையும் கேமராவை வைத்துக் கூட்டத்தில் ஆள் தேடுவதையும் ஒன்றாகவே பேசிவிடுகிறார்கள். முதலாவதில் ஒரு முகம் ஒரே ஒரு பதிவோடு ஒப்பிடப்படுகிறது. இரண்டாவதில் ஒரு முகம் பட்டியல் முழுவதோடும் ஒப்பிடப்படுகிறது. ஆயிரம் ஒப்பீட்டில் ஒன்று தவறாகப் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். போனில் அது பெரிதாகத் தெரியாது. ஒரு லட்சம் முகங்கள் உள்ள பட்டியலில் தேடினால், சம்பந்தமே இல்லாத நூறு பேர் பொருந்தி நிற்பார்கள். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட சோதனை முடிவுகளில், ஒன்றோடு ஒன்று ஒப்பிடும்போதே ஆசிய, ஆப்பிரிக்க-அமெரிக்க முகங்களுக்குத் தவறான பொருத்தம், வெள்ளையர் முகங்களைவிட, பல மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு வரை கூடியிருந்தது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அரை மணி நேர ஸ்லைடை விட அது மனதில் பதியும்.

சட்டத்தை அரைகுறையாகச் சொல்வது

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, நம் சட்டத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. வந்திருப்பவர்கள் பின்பற்ற வேண்டியது நம் சட்டத்தை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்றது. 2018 செப்டம்பர் 26-இல் ஆதார் தீர்ப்பு வந்தது. 2023 ஆகஸ்டில் மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. விதிகள் வந்த உடனே எல்லாம் அமலாகிவிடவில்லை; தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பது உடனே, ஒப்புதல் மேலாளர் (நம் ஒப்புதல்களை நம் சார்பில் கையாளும் அமைப்பு) பதிவு ஓராண்டு கழித்து, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம். ‘நாளைக்கே அபராதம்’ என்று பயமுறுத்துவதும் தப்பு, ‘இன்னும் வரவில்லை, விடுங்கள்’ என்பதும் தப்பு.

250 கோடி ரூபாய் என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடாத ஸ்லைடு இல்லை. அது உச்சவரம்பு; தகவலைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யாததற்கான அதிகபட்சத் தொகை. யாரும் சொல்லாதது என்னவென்றால், அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தகவல் கசிந்து நஷ்டப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. இழப்பீட்டுக்கு வழிவைத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இது நீக்குகிறது. அந்தப் பிரிவின் கீழ் வந்த 2011 விதிகள் பயோமெட்ரிக்கைக் கூடுதல் கவனம் வேண்டிய (சென்சிடிவ்) தகவல் என்று தனியாக வகைப்படுத்தின. புதிய சட்டத்தில் அப்படித் தனி வகை கிடையாது. ஒரு கருத்தரங்கில் விவாதிக்க வேண்டியது இதைத்தான், இதைத் தொடாமல் அபராதத் தொகையை மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏஐ கொள்கையிலும் இதே நிலைதான். 2024 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஏஐ சட்டம் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த ஏஐ கொள்கை ஒன்றை வெளியிட்டது. நம் ஊர்க் கூட்டத்திலாவது அதை எடுத்துப் படிக்க வேண்டாமா?

யாருடைய தகவலோ அவர் இல்லாத மேடை

‘ரேகை விழல’ என்ற சொல்லைத் தேயிலைத் தோட்டத்தில் கேட்காதவர் இருக்க மாட்டார். வருடக்கணக்கில் கொழுந்து கிள்ளிய விரலில் கோடுகள் தேய்ந்திருக்கும், இலைச்சாறு கறை ஏறியிருக்கும். குளிரில் தோல் வறண்டு வெடித்திருக்கும். தேய்ந்த, வறண்ட விரலைக் கருவி சரியாகப் படிக்காது. கொழுந்து கிள்ளும் அம்மா ரேஷன் கடையில் விரலைத் துடைத்து வைப்பார், வேறு விரல் வைப்பார், வரிசை பின்னால் நிற்கும். கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள யாருக்கும் உதவி மறுக்கப்படக் கூடாது என்பது 2018 ஆதார் தீர்ப்பிலேயே பேசப்பட்ட விஷயம். பயோமெட்ரிக் தோல்வி பற்றி இதைவிட அனுபவமுள்ள நிபுணர் யார்? ஆனால் அந்த அம்மாவைப் பேச்சாளராகக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை. கூப்பிடும்போது அன்றைய கூலியையும் போக்குவரத்துச் செலவையும் கொடுங்கள், கேட்காமலே கொடுங்கள்.

பழங்குடி மக்கள் விஷயமும் இதேதான். யானைகளைக் கண்டறிய ஏஐ கேமரா வைக்கும் திட்டங்கள் வருகின்றன. கோவை மதுக்கரையில் ரயிலில் யானை அடிபடாமல் தடுக்க 2024-இல் அப்படி ஓர் ஏற்பாடு தொடங்கியது. உயிர் காக்கும் வேலை, வேண்டும். ஆனால் காட்டுக் கேமராவில் மனிதர்களும்தான் பதிவாகிறார்கள். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில், விலங்குகளுக்காக வைத்த கேமராக்கள் விறகுக்குப் போகும் பெண்களைக் கண்காணிக்கவும் துன்புறுத்தவும் பயன்பட்டதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு 2024-இல் வெளியிட்டது. முதுமலையைச் சுற்றி வாழும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும். அவர்களைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்து ‘விழிப்புணர்வு’ கொடுக்காதீர்கள். திட்டம் வகுக்கும் அமர்வில் மைக்கைக் கொடுங்கள்.

உறைவிடப் பள்ளிகள் நிறைந்த மாவட்டம் இது. மாணவர்களை அழைத்தால் ஒன்றை மறக்கக் கூடாது: நம் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். கல்லூரி முதலாண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள்.

சின்னச் சின்ன ஏற்பாடுகள்

சீசனில், அதுவும் மே மாதத்தில் தேதி வைக்காதீர்கள். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண்சரிவு பயம். பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடை. கேன் வையுங்கள், டம்ளர் வையுங்கள்.

மலையேற முடியாதவர்கள் ஆன்லைனில் சேர்வார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘இங்கே பேசுவதை வெளியே சொல்லலாம், யார் சொன்னார் என்பதைச் சொல்லக் கூடாது’ என்ற சாத்தம் ஹவுஸ் விதியை அறிவித்துவிட்டு, குறிப்பெடுக்கும் ஏஐ மென்பொருளை யாரோ ஒருவர் மீட்டிங்கில் உள்ளே விட்டிருப்பார். யார் எதைச் சொன்னார் என்று பெயர் போட்டு எழுதி வெளி சர்வருக்கு அனுப்புவதுதான் அதன் வேலையே. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்பு பங்கேற்பாளர் பட்டியலைப் பார்த்து, அப்படி ஏதாவது இருந்தால் வெளியே அனுப்ப ஒருவரை நியமியுங்கள்.

ஸ்பான்சர் பங்கேற்பாளர் பட்டியலைக் கேட்பார். கைரேகைக் கருவி விற்பவராகவே கூட இருக்கலாம். கொடுக்காதீர்கள், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சட்டமே இதற்கு ஒரு உதாரணம் தருகிறது: மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்று போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனர் சரி என்று அழுத்தினாலும், ஆலோசனைக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அந்த ஒப்புதல் செல்லும். கருத்தரங்குக்கு வரக் கொடுத்த நம்பர் விற்பனை அழைப்புக்குக் கொடுத்ததாகாது. வேண்டுமானால் ஸ்பான்சர் ஒரு மேசை போட்டுக்கொள்ளட்டும், விருப்பமுள்ளவர் தானாகப் போய் நம்பர் கொடுக்கட்டும்.

கடைசியாக, அழிப்பது. சான்றிதழ் அனுப்பி, கணக்கு முடித்து, ஒரு மாதத்துக்குள் படிவத்தின் பதில்கள், எக்செல், சமையலுக்கு எடுத்த பட்டியல், தன்னார்வலர்களின் போனில் உள்ள படங்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். தணிக்கைக்காக ரசீது மட்டும் இருக்கட்டும். யார் அழிப்பது, எந்தத் தேதியில் என்று படிவம் தயாரிக்கும் நாளிலேயே ஒருவர் பெயரை எழுதிவையுங்கள். அழித்ததும் வந்தவர்களுக்கு ஒரு வரி மெயில் போட்டுச் சொல்லிவிட்டு, அந்த மெயில் பட்டியலையும் நீக்கிவிடுங்கள்.