ஃபோன் கேமராவில் நாடித்துடிப்பு பார்ப்பது எப்படி?

பின்பக்கம் கேமராவும் டார்ச்சும் இருக்கும் ஃபோன் போதும், வாட்ச் வேண்டாம். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் விரல் நுனிக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் வரும். அப்போது டார்ச் வெளிச்சத்தை ரத்தம் அதிகம் உறிஞ்ச, விரல் மயிரிழை அளவு இருளும். அந்த மினுக்கத்தைத்தான் கேமரா எண்ணுகிறது.

எண்ணை மட்டும் காட்டும் ஆப் வேண்டாம். துடிப்பு ஏறி இறங்குவதை வரைந்து காட்டும் அலைக்கோடும் இருப்பதாகப் பாருங்கள். கேமராவோடு நிற்காமல் எஸ்.எம்.எஸ்., தொடர்புப் பட்டியலுக்கும் அனுமதி கேட்டால் அழித்துவிடுங்கள்.

1. டீ, காபி, சிகரெட், மாடிப்படி எதுவானாலும் முடிந்து அரை மணி நேரம் ஆகட்டும். பிறகு 5 நிமிடம் சும்மா உட்காருங்கள்.

2. லென்ஸைத் துடையுங்கள். மூன்று லென்ஸ் இருந்தால் ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடும்போது திரை இருள்கிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

3. ஆள்காட்டி விரலின் சதைப்பகுதி லென்ஸை முழுக்க மூடி, டார்ச்சையும் தொடட்டும். திரை சீராகச் சிவக்க வேண்டும். ஓரத்தில் வெளுத்திருந்தால் வெளிச்சம் கசிகிறது.

4. முழங்கையை மேசையில் ஊன்றி, 30 நொடி பேசாமல் இருங்கள். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்து, மூன்றில் பெரியதும் சிறியதும் அல்லாத நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது விரலை அழுத்துவதில்தான். அழுத்தினால் நுண்குழாய்களில் ரத்தம் ஓடாது, அலை தட்டையாகிவிடும். கண் இமையைத் தொடுவது போல மெதுவாக வையுங்கள். ஏ.சி. அறையில் விரல் சில்லிட்டிருந்தாலும் இதே கதைதான். கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். டார்ச் சுட்டால் உடனே விரலை எடுத்துவிடுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது 144 என்று வந்தால் பதற வேண்டாம், அலைக்கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பெரிய மேட்டையும் அடுத்து ஒரு குட்டி மேடு வருவது இயல்பு. சில ஆப்கள் அதையும் துடிப்பாக எண்ணிவிடும், 72 இரட்டிப்பாகிவிடும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்கிச் சரிபாருங்கள். கட்டைவிரலால் எண்ணாதீர்கள், அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். துடிப்பு தாறுமாறாக விட்டுவிட்டு வந்தால் முழு நிமிடமும் எண்ணி, டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. நன்றாக ஓடிப் பழகியவர்களுக்கும், துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் 60க்குக் கீழே இருக்கலாம்.

இதே விரலை வைத்து ஆக்சிஜன் அளவு காட்டுகிறோம் என்னும் ஆப்களை நம்ப வேண்டாம். ஆக்சிமீட்டருக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் ஆக இரண்டு ஒளி வேண்டும். டார்ச்சோ வெள்ளை வெளிச்சம். பிரஷருக்கும் கையில் பட்டை சுற்றும் கருவிதான். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஆப்பைத் திறக்காமல் 108ஐ அழையுங்கள்.