கவுன்டர்ல கழிச்சுக் கொடுக்கிற ரிபேட்: சப்ளை ஹவுஸும் கடைகளும் காசை விடுற இடங்கள்

நம்ம ஊர்ல சோப்பு பிஸ்கட் ஏஜென்சி எடுத்து நடத்தின வீட்ல வளர்ந்தவங்களுக்கு இந்த வலி ஏற்கனவே தெரியும். கம்பெனி ஸ்கீம்னு சொல்லி கடைக்காரருக்கு பில்லுலயே கழிச்சுக் கொடுத்துடுவோம், அப்புறம் க்ளெய்ம் பாஸ் ஆகலன்னு ஏரியா மேனேஜர் பின்னாடி மாசக்கணக்கா அலைவோம். அமெரிக்காவுல கரண்ட் கம்பெனிங்க ஹீட் பம்ப்புக்கும் (ஏசி மாதிரியே ஓடி வீட்டைச் சூடாக்கவும் செய்ற மெஷின்) வாட்டர் ஹீட்டருக்கும் எல்இடி லைட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியா தர்ற ரிபேட் அச்சு அசல் அதே கதைதான், ஏரியா மேனேஜருக்கு பதிலா ஒரு போர்ட்டல் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் மாசச்சூசெட்ஸ்ல ஒரு ஹெச்வேக் சப்ளை ஹவுஸ் (ஏசி, ஹீட்டர் சாமானை கான்ட்ராக்டருக்கு விக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் கடை) கவுன்டர்ல நின்னு, அப்புறம் அங்கயே ரிபேட் டெஸ்க்ல உக்காந்தவன், அதனால உதாரணம் எல்லாம் அந்தப் பக்கத்துதா இருக்கும். மத்த மாநிலத்துல பேரும் ரேட்டும் மாறும், தப்பு மட்டும் மாறவே மாறாது.

முதல்ல விஷயம் எப்படி ஓடுதுன்னு பாத்துடலாம். வீட்டுக்காரர் பொருளை வாங்கி, ஃபார்ம் நிரப்பி, ரெண்டு மாசம் கழிச்சு செக் வாங்கினா அது டவுன்ஸ்ட்ரீம். அதே காசை தயாரிக்கிற கம்பெனிக்கே கொடுத்தா அப்ஸ்ட்ரீம். நடுவுல இருக்கிற நமக்குக் கொடுத்தா மிட்ஸ்ட்ரீம். கரண்ட் கம்பெனிக்கு மிட்ஸ்ட்ரீம் ஏன் பிடிக்குதுன்னா, ஜனவரி குளிர்ல ஒரு வீட்ல வாட்டர் ஹீட்டர் ஒழுகிடுச்சுன்னா யாரும் உக்காந்து ரிசர்ச் பண்ண மாட்டாங்க, பிளம்பர் அன்னைக்கு எந்தச் சரக்கு ரேக்ல இருக்கோ அதைத்தான் தூக்கிட்டுப் போவாரு, அப்ப ரேக்ல ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் இருக்கணும், விலையும் சாதா எலக்ட்ரிக் ஹீட்டருக்குப் பக்கத்துல வரணும். அதுக்குத்தான் நம்மள பிடிக்கிறாங்க.

இந்தக் காசு எங்கேர்ந்து வருதுங்கிறதுதான் பாதி சிக்கலுக்குக் காரணம். ஒவ்வொரு வீட்டு கரண்ட் பில்லுலயும் எனர்ஜி எஃபிஷியன்சின்னு ஒரு வரியில பிடிக்கிறாங்கல்ல, அதுதான். பொதுமக்கள் காசு, மாநில ரெகுலேட்டர் கணக்கு கேப்பாரு, அதனால ஒவ்வொரு யூனிட்டும் எந்த வீட்ல போய் உக்காந்துச்சுன்னு கரண்ட் கம்பெனி காட்டியாகணும். அந்த ஆதாரத்தைச் சேக்கிற வேலை நம்ம தலையில. சேக்கலன்னா நாம கழிச்சுக் கொடுத்த டிஸ்கவுண்ட் நம்ம கைக்காசுலேர்ந்து போனதா ஆயிடும். கவுன்டர்ல நிக்கிற பசங்களுக்கு இதை நான் ஒரே மாதிரிதான் சொல்வேன்: நீ கான்ட்ராக்டருக்கு டிஸ்கவுண்ட் கொடுக்கல தம்பி, கரண்ட் கம்பெனிக்கு கடன் கொடுக்கிற, கடன் கொடுக்கிறவன் எழுதி வாங்காம கொடுப்பானா?

இப்ப தப்புக்கு வருவோம். ரிஜெக்ட் ஆகி வந்த க்ளெய்மை எல்லாம் பிரிச்சுப் பாத்தா நான் பாத்த வரைக்கும் பெரிய குவியல் எப்பவும் அட்ரஸ்தான்.

கான்ட்ராக்டர் ஆபீஸ் அட்ரஸ் நம்ம சிஸ்டத்துல ஏற்கனவே இருக்கும், கவுன்டர்ல அவசரத்துல அதையே இன்ஸ்டால் அட்ரஸா போட்டு அனுப்பிடுவாங்க. ஒரே அட்ரஸ்ல பதினாலு வாட்டர் ஹீட்டரா, எந்த வீட்டுக்கு இது, பிளம்பர் என்ன சத்திரமா நடத்துறாருன்னு போர்ட்டல் திருப்பி அனுப்பும். இன்னொண்ணு இதைவிட நுணுக்கமானது, எல்லாரும் மாட்டுற இடம். மாசச்சூசெட்ஸ்ல இந்த ரிபேட்டைத் தர்ற மாஸ் சேவ் திட்டத்தை நடத்துறது எவர்சோர்ஸ், நேஷனல் கிரிட், யூனிட்டில் மாதிரி ஸ்பான்சருங்க. ஆனா சில ஊர்ல கரண்டை ஊர் நிர்வாகமே விக்குது, அதுங்க இதுல சேராது. நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஷ்ரூஸ்பரியையே எடுத்துக்கோங்க, அங்க செல்கோன்னு ஊரோட சொந்த லைட் டிபார்ட்மென்ட். பக்கத்துல இருக்கிற வெஸ்ட்பரோ நேஷனல் கிரிட். கார்ல பத்து பதினஞ்சு நிமிஷம்தான், ஒரே பட்டேல் பிரதர்ஸ்ல காய் வாங்குற ரெண்டு குடும்பம், ஒருத்தர் வீட்டுக்கு இந்த ரிபேட் உண்டு இன்னொருத்தருக்கு கிடையாது. நார்வுட், ரெடிங், வெல்ஸ்லி எல்லாம் இதே கதை. ரெடிங் லைட் டிபார்ட்மென்ட் இன்னும் மோசம், அது நார்த் ரெடிங், வில்மிங்டன், லின்ஃபீல்டுல ஒரு பகுதின்னு ஊர் எல்லையைத் தாண்டிப் போகும். அதனால ஊர் பேரையோ ஜிப் கோடையோ நம்பாதீங்க, கரண்ட் பில்லு எந்தக் கம்பெனி பேர்ல வருதுன்னு கேளுங்க, பில்லை ஃபோன்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாலே போதும். முனிசிபல் ஊருக்குன்னு தனியா ஏதாவது ரிபேட் இருக்கான்னு அந்த லைட் டிபார்ட்மென்ட் கிட்ட தனியா பாருங்க, நம்ம கவுன்டர் டிஸ்கவுண்ட்ல அதைக் குழப்ப வேணாம்.

கொசுறா இன்னொரு தலைவலி, வேன் ஸ்டாக். நல்ல கஸ்டமர், பத்து யூனிட் எடுத்து வேன்லயும் குடோன்லயும் வச்சுக்கிறேன், ரிபேட் விலையில போடுங்கன்னு கேப்பாரு. முடியாதுன்னு சொல்ல மனசு வராது. ஆனா நிறைய ப்ரோகிராம்ல இன்ஸ்டால் ஆகுற இடம் தெரியாம க்ளெய்ம் கிடையாது. முழு விலைக்கு பில் போட்டுட்டு, அட்ரஸும் சீரியல் நம்பரும் வர வர கிரெடிட் கொடுக்கிறதுதான் பொழைக்கிற வழி. கோவப்படுவாரு, ரெண்டு தடவை கிரெடிட் வந்ததும் சரியாயிடுவாரு.

அடுத்தது மாடல் நம்பர். இதுல கொஞ்சம் பொறுமையா போகணும். ஹீட் பம்ப் ஒரு பெட்டி இல்ல, வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணு, ரெண்டும் சேந்த ஜோடிக்குத்தான் ஏஹெச்ஆர்ஐ (மெஷினோட திறனுக்குச் சான்று தர்ற தயாரிப்பாளர் சங்கம்) ரெஃபரன்ஸ் நம்பர். அதே அவுட்டோர் யூனிட் ஒரு இன்டோர் காயிலோட சேந்தா தகுதி, இன்னொரு காயிலோட சேந்தா இல்ல. கவுன்டர்ல அவுட்டோர் மாடலை மட்டும் லிஸ்ட்ல பாத்துட்டு ‘ஆ இது எலிஜிபிள்’னு டிஸ்கவுண்ட் போட்டுடுவாங்க, அப்புறம் பாத்தா கான்ட்ராக்டர் இன்டோர் யூனிட்டை வேற சப்ளை ஹவுஸ்ல வாங்கியிருப்பாரு. முழு ஜோடியோட சர்டிஃபிகேட்டை விக்கிற அன்னைக்கே டவுன்லோட் பண்ணி பில்லோட சேத்து வைங்க, ஏன்னா ஏஹெச்ஆர்ஐ டைரக்டரில ஸ்டேட்டஸ் மாறிக்கிட்டே இருக்கும், ஆறு மாசம் கழிச்சு ஆடிட்ல கேக்கும்போது அது ‘டிஸ்கன்டின்யூட்’னு நிக்கும்.

இதுக்கு மேல ரெண்டு மாற்றம் அடுத்தடுத்து வந்து குழப்பத்தை ஏத்திவிட்டுச்சு. 2023 ஜனவரி 1லேர்ந்து மெஷின் எவ்வளவு கரண்ட் மிச்சம் பண்ணுதுன்னு காட்டுற சீர் அளவு போய் சீர்2 வந்துச்சு, டெஸ்ட் முறை கடுமையானதால அதே மெஷினுக்கு நம்பர் குறைஞ்சு வரும், பழைய 15 சீர் புதுசுல ஏறக்குறைய 14.3. பழைய பிரோஷரை வச்சுக்கிட்டு ‘16 இருக்கே, லிமிட் 15.2 தானே’ன்னு எனர்ஜி ஸ்டார் (கரண்ட் மிச்சம் பண்ற பொருளுக்கான அமெரிக்க அரசு லேபிள்) அளவோட ஒப்பிட்டா ரெண்டு வேற வேற படியில அளந்த அரிசியை ஒப்பிடுற மாதிரி. அப்புறம் ஏசிக்குள்ள ஓடுற ஆர்-410ஏ கேஸ். 2025 ஜனவரி 1க்கு அப்புறம் அதுல ஓடுற புது வீட்டு ஏசி, ஹீட் பம்ப் தயாரிக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு, ஆர்-454பி, ஆர்-32க்கு எல்லாரும் மாறினாங்க, அதோட மாடல் நம்பர் மொத்தமும் மாறிடுச்சு. பழைய இன்டோர் காயில் மிச்சம் கிடக்கேன்னு புது அவுட்டோரோட சேத்து வித்தா ரிபேட் மட்டும் போகல, அந்த இன்ஸ்டாலேஷனே தப்பு. குளிர் பிரதேச ஹீட் பம்ப்னு கேக்கிற ப்ரோகிராம்னா இன்னும் ஒரு படி, எனர்ஜி ஸ்டார் கணக்குல 5 டிகிரி ஃபாரன்ஹீட்ல சிஓபி (ஒரு பங்கு கரண்டுக்கு எத்தனை பங்கு சூடு தருதுங்கிற கணக்கு) 1.75 இருக்கணும், 47 டிகிரியில தர்ற சூட்டுல 70 சதவீதமாவது அந்தக் குளிர்லயும் தரணும், பெட்டி மேல ‘ஹைப்பர்’னு ஸ்டிக்கர் இருந்தா பத்தாது.

லைட்டு விக்கிறவங்களுக்கு இதே நோய் வேற பேர்ல. கமர்ஷியல் ஃபிக்ஸ்சருக்கு டிஎல்சிங்கிற அமைப்போட தகுதி லிஸ்ட்தான் வேதம், ஒரே குடும்பத்து மாடல்ல வாட், கலர் டெம்பரேச்சர், டிரைவர் மாறினா கடைசி ரெண்டு எழுத்து மாறும், அந்த ரெண்டு எழுத்துலதான் க்ளெய்ம் சாகும். யூஎல் மார்க் இருக்குன்னா அது சேஃப்டி, டிஎல்சி வேற. வீட்டு பல்பு விக்கிற கடைகளுக்கு ஒரு வார்த்தை: ஒரு வாட்டுக்கு 45 லூமன் வெளிச்சம் வராத பல்பை விக்கக் கூடாதுங்கிற மத்திய விதி 2023 ஆகஸ்ட்ல முழுசா அமலாச்சு, எல்இடியே சாதாரணமாயிடுச்சுன்னா அதுக்கு எதுக்கு சலுகைன்னு கரண்ட் கம்பெனிங்க கையை எடுத்துட்டாங்க, எனர்ஜி ஸ்டாரும் 2024 டிசம்பர் 31ஓட பல்பு, லைட் ஃபிக்ஸ்சர் லேபிளை முடிச்சுட்டாங்க. இன்னும் ஷெல்ஃப்ல ‘ரிபேட் உண்டு’ன்னு பழைய டேக் தொங்கிட்டு இருந்தா இன்னைக்கே கழட்டுங்க.

தேதி. போன வருஷ ரேட்டுல இந்த வருஷம் கொட்டேஷன் கொடுக்கிறது, அடுத்த வருஷமும் இதே ரிபேட் இருக்கும்னு நம்பி டிசம்பர்ல ஒரு டிரக் லோடு சரக்கு இறக்குறது, ரெண்டையும் பாத்திருக்கேன். மாசச்சூசெட்ஸ்ல மூணு வருஷத்துக்கு ஒரு திட்டம் போடுவாங்க, 2025-27 திட்டத்துக்கு ஏறக்குறைய 500 கோடி டாலர் கேட்டாங்க, 2025 பிப்ரவரியில ரெகுலேட்டர் 50 கோடி டாலரை வெட்டினாரு. அப்படி வெட்டு விழுந்தா நம்ம கவுன்டர் ரேட்டும் அசையும்னு வச்சுக்கிட்டுத்தான் சரக்கு போடணும். அதோட எந்தத் தேதியை எடுத்துக்கிறாங்கன்னு ஒப்பந்தத்துல படிங்க, பில் தேதியா, டெலிவரி தேதியா, இன்ஸ்டால் தேதியா. க்ளெய்ம் போட கடைசி நாளும் அதுலயே இருக்கும், ‘வருஷக் கடைசியில மொத்தமா போட்டுக்கலாம்’னு வச்சவங்க பாதியை இழந்திருக்காங்க.

ரிட்டர்னை யாரும் கண்டுக்கிறதே இல்ல. கவுன்டர்ல ஒருத்தர் ரிட்டர்ன் எடுத்து கிரெடிட் மெமோ போடுவாரு, ரிபேட் டெஸ்க்குக்கு தகவலே வராது, க்ளெய்ம் ஏற்கனவே பாஸ் ஆகி காசும் வந்திருக்கும். அந்த யூனிட் திரும்ப ரேக்குக்குப் போய் அடுத்த மாசம் வேற வீட்டுக்கு வித்து திரும்ப க்ளெய்ம் போட்டா ஒரே சீரியல் நம்பர் ரெண்டு தடவை. நமக்கு தப்பான எண்ணம் எதுவும் இல்லாமலே திருட்டுப் பட்டம் வரும். வீட்டுக்காரர் தனியா ஆன்லைன்ல டவுன்ஸ்ட்ரீம் ஃபார்ம் போட்டுட்டாலும் இதே மோதல்தான். பில்லுல ‘இந்த ரிபேட் ஏற்கனவே கழிக்கப்பட்டது’ன்னு தெளிவா ஒரு வரி வரணும், கான்ட்ராக்டர் அதை வீட்டுக்காரர் கிட்ட காட்டணும்.

அந்த ஒரு வரியில சேல்ஸ் டாக்ஸும் ஒளிஞ்சிருக்கு, அக்கவுன்டன்ட் இல்லாம அதைத் தொடாதீங்க. நியூ ஜெர்சி மாதிரி ஸ்ட்ரீம்லைன்டு டாக்ஸ் ஒப்பந்தத்துல (சேல்ஸ் டாக்ஸ் விதியை ஒரே மாதிரி ஆக்க மாநிலங்கள் சேந்து போட்டது) இருக்கிற மாநிலங்கள்ல, மூணாவது ஆள் நமக்குத் திருப்பித் தர்ற தள்ளுபடின்னு பில்லுல தனியா காட்டி, அதை வாங்குறவருக்கு அப்படியே கொடுக்கணும்னு நமக்குக் கடமையும் இருந்து, தொகையும் விக்கும்போதே முடிவானதா இருந்தா, அந்தக் காசும் விற்பனை விலையில சேரும். அதாவது ரிபேட்டைக் கழிக்கிறதுக்கு முந்தின விலை மேலதான் டாக்ஸ். கழிச்ச விலை மேல டாக்ஸ் பிடிச்ச கடை அந்த வித்தியாசத்தை அப்புறம் தன் பாக்கெட்லேர்ந்து கட்டணும்.

கேஷ் ஃப்ளோ பத்தி சுருக்கமா. ஒரு யூனிட்டுக்கு 750 டாலர்னு வச்சுக்கோங்க, மாசம் 40 யூனிட், ரெண்டு மாசம் கழிச்சு காசு வருதுன்னா எந்த நேரமும் 60,000 டாலர் நம்மளுது வெளிய கிடக்கும். சின்ன சப்ளை ஹவுஸுக்கு இது சம்பளக் காசு. சேரும்போதே எத்தனை நாள்ல தருவீங்கன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க, வாராவாரம் க்ளெய்ம் ஏத்துங்க.

கவுன்டர் பசங்க நல்ல மனசுல சொல்ற ஒரு பொய்யும் இருக்கு: ‘இதுக்கு மேல ஃபெடரல்ல 30 சதவீதம் டாக்ஸ் கிரெடிட் வரும் சார்’. வீட்டு ஹீட் பம்ப்புக்கு 2,000 டாலர் வரைக்கும் தந்த அந்த 25சி கிரெடிட் 2025 டிசம்பர் 31க்குள்ள இன்ஸ்டால் ஆனதோட முடிஞ்சுபோச்சு. இருந்த காலத்துலயும் கரண்ட் கம்பெனி ரிபேட்டைக் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் கணக்கு. கவுன்டர் சுவத்துல ஒட்டின பழைய போஸ்டர்தான் இந்தப் பேச்சுக்கு மூலம், நானே ஒண்ணைக் கிழிச்சிருக்கேன்.

எங்க கடையில கடைசியா என்ன பண்ணினோம்னா, ரிபேட் விலைக்கான கோட் நம்பரை அடிச்சா இன்ஸ்டால் அட்ரஸ், கரண்ட் கம்பெனி, சீரியல் நம்பர் மூணும் நிரப்பாம பில் பிரின்ட்டே ஆகாத மாதிரி சாஃப்ட்வேர்ல பூட்டிட்டோம். முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வரிசை கதவு வரைக்கும் நின்னுச்சு, ஒரு பிளம்பர் என் காது படவே ஒரு நல்ல வார்த்தை சொன்னாரு, இங்க எழுத முடியாது. இப்ப அவரே லைன்ல நிக்கும்போதே வீட்டுக்காரரோட கரண்ட் பில் போட்டோவை ஃபோன்ல எடுத்து வச்சுக்கிட்டு வர்றாரு.