கடும் கவனக்குறைவு: இழப்பின் அளவைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

ஓர் உயிர் போய்விட்டால், பெருந்தொகை நட்டமானால், "இது கடும் கவனக்குறைவு" என்று கோபத்தில் எழுதிவிடுகிறோம். கோபம் நியாயமானதுதான். ஆனால் பல நல்ல புகார்கள் வலுவிழப்பது இந்த இடத்தில்தான். 'கடும்' என்ற அடைமொழி குறிப்பது, ஒருவர் காட்ட வேண்டிய கவனத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போனார் என்பதை. இழப்பு எவ்வளவு என்பது வேறு கணக்கு.

ஒரு நொடி கண் சாலையை விட்டு விலகியதால் ஓர் ஓட்டுநர் ஒருவரின் சாவுக்குக் காரணமாகலாம். அது சாதாரணக் கவனக்குறைவாகவே கருதப்படலாம். இன்னொரு பக்கம், பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் அதே லாரியைச் சாலைக்கு அனுப்புகிறார் அதன் உரிமையாளர். அன்று யாருக்கும் கீறல்கூட விழாமல் இருக்கலாம். ஆனாலும் இரண்டில் மோசமான நடத்தை அவருடையதுதான். எல்லோருக்கும் புரிவது ஒருவருக்கு மட்டும் புரியாமல் போவதே கடும் கவனக்குறைவு என்று ரோமானியச் சட்ட அறிஞர்கள் விளக்கினார்கள். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

மொழிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. இதன் ஆங்கிலச் சொல்லான 'gross negligence' என்பதைச் சிலர் 'மொத்த அலட்சியம்' என்று எழுதுகிறார்கள். மொத்த எடை, மொத்த லாபம் என்பதில் வரும் 'மொத்த' இங்கே பொருந்தாது. பல சிறு தவறுகளைக் கூட்டிப் பார்ப்பதுபோல ஆகிவிடும். ஒரே ஒரு செயல்கூடக் கடும் கவனக்குறைவாக இருக்கலாம்.

அடுத்த தவறு, "வேண்டுமென்றே செய்தார்" என்று சேர்த்து எழுதுவது. அப்படி எழுதினால், தேவையில்லாத ஒரு சுமையை நீங்களே தோளில் ஏற்றிக்கொள்கிறீர்கள். இங்கிலாந்தில் ஓர் அறுவை சிகிச்சையின்போது சுவாசக் குழாய் கழன்றுவிட்டது. திறமையான மயக்க மருந்து டாக்டர் அதை 15 நொடிகளில் கண்டுபிடித்திருப்பார் என்றார் நிபுணர் சாட்சி. அங்கே இருந்தவரோ பல நிமிடங்கள் கவனிக்கவில்லை, நோயாளி இறந்தார். 1994இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்த டாக்டரின் தண்டனையை உறுதி செய்தது. அவர் தெரிந்தே விட்டுவிட்டார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்காகச் சிகிச்சை தோற்றால் டாக்டர் குற்றவாளி என்று பாய்ந்துவிடவும் கூடாது. சிகிச்சை முடிவில் நேரும் பிழை மட்டும் குற்ற வழக்குக்குப் போதாது, கவனக்குறைவு கடுமையானதாக இருக்க வேண்டும் என்று 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் என்று நம்புவதும் ஆபத்து. கவனக்குறைவுக்கும் கடும் கவனக்குறைவுக்கும் வித்தியாசமே இல்லை, ஒரு வசைச்சொல் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்று 1843இல் ஓர் ஆங்கிலேய நீதிபதி கருதினார். அதனால் ஒப்பந்தத்தில் "கடும் கவனக்குறைவுக்கு மட்டுமே பொறுப்பு" என்ற வரி இருந்தால், அதற்கு விளக்கம் கேட்டு எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே "எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை" என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா? சரி, எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிட வேண்டாம். அப்படிப்பட்ட படிவம் கடும் கவனக்குறைவுக்குப் பொதுவாகக் காப்பாகாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. கோடைக்கால முகாமில் நீரில் மூழ்கி இறந்த ஒரு சிறுமியின் வழக்கு அது, பெற்றோர் தரப்பில் படிவம் கையெழுத்தாகியிருந்தது. ஜெர்மனியிலும் நிறுவனங்கள் அச்சடித்துத் தரும் பொது நிபந்தனைகளால் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

புகார் எழுதும்போது அந்தச் சொல்லை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். எச்சரிக்கை எந்தத் தேதியில், யார் கைக்குப் போனது, இழப்பைத் தடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் இருந்தது, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை முதலில் எழுதுங்கள்.